இடது காலும் இரண்டு தட்டுக் கேக்கும்

கணினியில் கார்ப் பந்தயம் ஓடுவதில் கெட்டிக்காரனாக இருப்பவன் கையில் உண்மையான காரின் திறப்பைக் கொடுக்கக் கூடாது. இதை யாரோ ஒருவரை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. என்னிடம் கொடுத்தார்கள், நான் வாங்கினேன், அன்று காலை பேசாலை வீதியில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். (பார்க்காதவர்களுக்கு என் அக்கா பிறகு வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார்.)

நான் வீதி வேலைக் கந்தோர் ஒன்றில் படம் வரைகிறவன். வீதி, மதகு, வடிகால் இவற்றின் வரைபடங்கள். என் மேசையில் பென்சில்கள் உயர வரிசைப்படி கிடக்கும். நாட்குறிப்பு எழுதாமல் நான் படுக்கப் போனதில்லை. இப்படிப்பட்ட மனிதனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் இருக்காது என்று மன்னார்ப் பட்டினம் நம்பிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்குப் பெயர் சிம் றேசிங். கணினித் திரைக்கு முன்னால் ஸ்டியறிங்கையும் பெடல்களையும் பூட்டி, உண்மையான கார் எப்படி ஓடுமோ, வழுக்குமோ, முட்டுமோ அப்படியே ஓட்டுகிற விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதனால் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்தப் பைத்தியம் எனக்குக் கொழும்பில் பிடித்தது. இளந்தாரியாக ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில், கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்குள் பெட்டி போன்ற இயந்திரம் ஒன்றைக் கண்டேன். உள்ளே ஒரு கதிரை, ஒரு ஸ்டியறிங், ஒரு திரை. காசு போட்டால் வீதி எங்களை நோக்கி ஓடி வரும். மரங்கள் அட்டையில் வெட்டியவை போலப் பெரிதாகிப் பெரிதாகிப் பக்கத்தால் போகும். நான் முதல் வளைவிலேயே விளம்பரப் பலகை ஒன்றில் மோதினேன். கார் ஆகாயத்தில் கரணமடித்து மறுபடி நான்கு சக்கரங்களில் வந்து நின்றது. ஒரு கீறல் இல்லை. எவ்வளவு நல்ல உலகம் என்று நினைத்தேன். நேர்முகத் தேர்வுக்குப் பிந்திப் போனேன்.

பிறகு மன்னாருக்கு ஒழுங்கான மின்சாரமும் கணினி வகுப்பும் வந்தன. அங்கே விசைப்பலகையின் அம்புக்குறிகளால் கார் ஓட்டினோம். இடம் என்றால் முழுதாக இடம், வலம் என்றால் முழுதாக வலம், நடுவில் ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு றப்பர்ப் பட்டியால் தானாக நடுவுக்குத் திரும்பும் பிளாஸ்ரிக் ஸ்டியறிங் வந்தது. அதற்கும் பிறகு, உள்ளே மோட்டர் வைத்த ஸ்டியறிங். இதை எழுதும்போதே கை துடிக்கிறது. ரயர் பிடியை விடப் போகிறது என்றால் ஸ்டியறிங் கைக்குள் திடீரென்று இலேசாகும். வீதி ஓரத்து மேட்டில் ஏறினால் முழங்கை வரைக்கும் நடுங்கும். அதுவரை கண்ணால் பார்த்ததை அன்று முதல் கையால் அறிந்தோம்.

அதோடு நிற்கவில்லை. உண்மையான பந்தயத் தடங்களை லேசர் கதிரால் அளந்து, ஒரு விரற்கடை மேடு பள்ளத்தையும் விடாமல் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். அளவெடுப்பதே தொழிலான எனக்கு இதைக் கேட்டபோது கண் கலங்கியது. (எங்கள் கந்தோரில் குழி வீதியில் இருக்கும், வரைபடத்தில் இருக்காது.) இணையம் வந்த பிறகு, தாராபுரத்துக் காற்றோடு மணல் வந்து விழும் என் அறையில் இருந்தபடி, பனி கொட்டும் நாட்டுக்காரன் ஒருவனோடு சக்கரத்துக்குச் சக்கரம் ஓடினேன். வீட்டு அறையில் இப்படிப் பழகிய பிள்ளைகள் சிலர் உண்மையான பந்தயக் கார்களில் ஏறி வென்றும் இருக்கிறார்கள் என்று படித்தேன். அந்தச் செய்திதான் என்னைக் கெடுத்தது. பந்தயத்தையே வெல்ல முடியும் என்றால் மற்றதெல்லாம் எம்மாத்திரம் என்று ஒரு எண்ணம் எனக்குள்ளே வந்து குந்திவிட்டது.

உண்மையான கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் என்னிடம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எடுத்தது. அதை அடையாள அட்டை போலப் பணப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போய்வந்தேன்.

இனி என் அறையில் இருந்த இயந்திரத்தைப் பற்றி இரண்டு விடயம் சொல்ல வேண்டும். இரண்டும் பிறகு தேவைப்படும்.

ஒன்று, நான் ஒரு தடம் செய்தேன். மன்னார்ப் பட்டினத்திலிருந்து பேசாலை வரையான வீதி, கணினிக்குள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அளவு நாடாவும் கமராவுமாகப் புறப்பட்டுவிடுவேன். வளைவுகள், மதகுகள், மின்கம்பங்கள், பனைகள், மாதா சிற்றாலயங்கள், தார் கரைந்த இடங்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. ஒரு கடையின் முன் சாய்ந்து நின்ற பெயர்ப்பலகையைக்கூட அதே சாய்வில் வைத்தேன்.

மற்றது பிறேக். விலை கூடிய இயந்திரங்களில் பிறேக் பெடல் எவ்வளவு தூரம் போகிறது என்பது கணக்கில்லை, எவ்வளவு பலமாக அமுக்குகிறோம் என்பதுதான் கணக்கு. அதுபோல ஒன்றை நானே செய்தேன். என் அக்காவின் கணவர், அத்தான், கடலுக்குப் போகிறவர். அவருடைய போட் எஞ்சினில் கழற்றிப் போட்ட தடித்த றப்பர்த் துண்டுகளை வாங்கிப் பெடலுக்குப் பின்னால் அடுக்கினேன். அதை அமுக்க வேண்டுமானால் முதுகைக் கதிரையில் ஊன்றிக்கொண்டு இடது காலால் உதைக்க வேண்டும். ஏன் இடது கால் என்றால், வலது கால் அக்சிலேற்றரை விட்டு வர நேரம் போகும். பந்தயக்காரர் அப்படித்தான் செய்வார்கள். சில வருடங்களில் என் இடது கால் கழுதையின் பின்னங்கால் போல ஆகிவிட்டது.

இப்போது கலியாணத்துக்கு வருகிறேன்.

அக்காவின் மகள் ஜெனிற்றாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பேசாலை. அங்கே கோயிலுக்குப் பக்கத்திலேயே மண்டபமும் இருந்ததால், பூசையும் விருந்தும் அங்கேயே என்று இரு வீட்டாரும் பேசி முடித்தார்கள். பாதர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அன்று இரண்டு கலியாணம், எங்களுடையது முதலாவது. நேரத்துக்கு வராத சோடி, அடுத்த சோடியின் பூசை முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். அக்காவுக்கு அந்த வாரம் முழுவதும் இதே பேச்சு. "என்ரை பிள்ளை முக்காட்டோடை வாசல்லை நிண்டு மற்றவளின்ரை கலியாணத்தைப் பார்க்கிறதோ" என்று கேட்டுக் கேட்டே மெலிந்துவிட்டார்.

முதல் நாள் பின்னேரம் உறவினர்கள் எங்கள் வீட்டில் நிறைந்திருந்தபோது, நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டு, பேசாலை வீதியைத் திரையில் ஓடிக் காட்டினேன். சனம் வாயைப் பிளந்தது. "பார், எங்கடை கடை" என்று ஒருவர். "மதகிலை மெல்லப் போ தம்பி" என்று இன்னொருவர். ஒரு கீறல் இல்லாமல் பேசாலைக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கை தட்டினார்கள். அத்தான் என் தோளில் தட்டி, "உவர் இந்த றோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவார்" என்றார்.

என் மனைவி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, "உது கார் இல்லையெண்டு ஆராவது சனத்துக்குச் சொல்லுங்கோ" என்றாள். ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வாடகைக் கார் வாசலுக்கு வந்தது. பூவும் நாடாவும் கட்டிய வெள்ளைக் கார், கியர் மாற்றத் தேவையில்லாதது. காரோடு வந்த ட்றைவர் இறங்கினார், வேப்ப மரத்தைப் பிடித்தார், வாந்தி எடுத்தார், திண்ணையாக நினைத்து அப்படியே படியில் படுத்துவிட்டார். காய்ச்சல் நெருப்பாகக் காய்ந்தது. விருந்தினர்கள் ஏற்கெனவே பஸ்ஸில் போய்விட்டார்கள், என் மனைவியும் அதில்தான். வீட்டில் மிஞ்சியது அக்கா, அத்தான், மணப்பெண், தோழி, றெஜினா அன்ரி, நான்.

றெஜினா அன்ரி எங்கள் பக்கத்து வீடு. கலியாணக் கேக் அவருடைய கைவேலை. இரண்டு தட்டு, மேலே வெள்ளை ஐசிங்கில் முல்லைப் பூக்கள், உச்சியில் சின்னப் பொம்மைச் சோடி. அதை ஆட்டோவில் அனுப்புவதாகத்தான் இருந்தது. ஆட்டோ குலுக்கும் என்று அன்ரி மறுத்து, காரில் தன் மடியில் வைத்துக்கொண்டு வருவதாக முடிவு செய்திருந்தார்.

"நான் ஓடுறன்" என்றாள் ஜெனி. அவள் தண்ணீர்த் திட்டம் ஒன்றில் வேலை செய்கிறவள். வெள்ளாங்குளம், பாப்பாமோட்டை என்று எங்கள் தீவுக்கு வெளியே பெருநிலப் பக்கமெல்லாம் பிக்கப் ஓடித் திரிகிறவள்.

"கலியாணப் பொம்பிளை கார் ஓடிக்கொண்டு கோயிலுக்குப் போறதோ" என்று அக்கா நெஞ்சில் கை வைத்தார். "சனம் சிரிக்கும்."

அத்தானுக்குத் தெரிந்தது போட் ஓட்ட, அதற்குப் பிறேக்கே கிடையாது. எல்லோருடைய கண்ணும் மெல்லத் திரும்பி என்மேல் வந்து நின்றது. நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்கு மயிர் சிலிர்த்தது. இத்தனை வருடம் இதற்காகத்தான் பயிற்சி எடுத்தேன் என்று தோன்றியது.

அக்கா வீட்டைப் பூட்டி ட்றைவருக்கு மருந்து பார்க்க ஆள் பிடித்துவிட்டு ஆட்டோவில் பின்னால் வருவதாக ஏற்பாடு. நாங்கள் ஐந்து பேரும் காரில் ஏறினோம். நான் முதலில் கதிரையைச் சரி செய்தேன். பிறகு முதுகுச் சாய்வு. பிறகு மூன்று கண்ணாடிகள். பிறகு மறுபடி கதிரை.

"தம்பி," என்று பின்னாலிருந்து கேக்குக்கு மேலால் றெஜினா அன்ரி கேட்டார், "கலியாணம் இண்டைக்கோ, நாளைக்கோ?"

புறப்பட்டேன். வாசல் படலையடியில் ஒரு சைக்கிள் குறுக்கே போனது. நான் இடது காலால் பிறேக் போட்டேன். உண்மையான காரின் பிறேக் ஒரு குழந்தை மிதித்தாலே பிடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கார் ஆணி அடித்ததுபோல் நின்றது. நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பெரிய வியாழன் ஆராதனையில் குனிவது போலக் குனிந்து நிமிர்ந்தோம்.

"சரி, பிறேக் இருக்கு" என்றார் பக்கத்தில் இருந்த அத்தான். அவர் எதையும் பதறாமல் சொல்கிற மனிதர்.

வலது காலுக்கு மாற வேண்டும் என்று புத்தி சொன்னது. கால் புத்தி சொல்லைக் கேட்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் ஒரு தரம், சந்தியில் ஒரு தரம், ஒரு கோழிக்காக ஒரு தரம் குனிந்தோம். ஜெனியின் தலையில் இருந்த கிரீடம் புருவத்துக்கு இறங்கியது. தோழி அதை ஏற்றி ஏற்றிக் களைத்தாள். கேக்கின் உச்சியில் பொம்மை மாப்பிள்ளை மெல்லச் சாய்ந்து, ஐசிங்கில் முகம் புதைத்து நின்றான்.

ஆனால் பட்டினம் தாண்டி வீதி திறந்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. என்னுடைய வீதி அது. நான் செய்த ஒவ்வொரு மதகும் சொன்ன இடத்தில் வந்து நின்றது. "இப்ப ஒரு பள்ளம்" என்றேன், பள்ளம் வந்தது. "இப்ப வலப்பக்கம் மூண்டு பனை" என்றேன், வந்தன. சின்ன வயதில் பூசை உதவியாளனாக இருந்தபோது கூட நான் இவ்வளவு பரவசப்பட்டதில்லை. தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. பந்தயக்காரர் வளைவுக்கு முன் வெளி ஓரத்துக்குப் போய், உள்ளே வெட்டி, மறுபடி வெளியே வருவார்கள். நானும் வெளி ஓரத்துக்குப் போனேன்.

"ஏன் தம்பி அங்காலை போறீர்?" என்றார் அத்தான். "ஆரும் தெரிஞ்சவை நிக்கினமே?"

"வளைவை எடுக்கிறன் அத்தான்."

"அது அங்கேயே கிடக்கட்டும். எங்களுக்கென்னத்துக்கு?"

வளைவுக்கு அப்பால் ஆறேழு கழுதைகள் வீதியின் நடுவே நின்றன.

மன்னாரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு புதினமும் இல்லை. எங்கள் தீவில் கழுதைகள் நிற்காத வீதி கிடையாது. அவை ஒதுங்குவதும் கிடையாது, நாங்கள்தான் ஒதுங்குவோம். ஆனால் என் தடத்தில் ஒரு கழுதைகூட இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்துதான் அளவெடுத்தேன். படமெடுக்கும்போது அவை ஒதுங்கும்வரை காத்திருந்தேன். கழுதை ஓரிடத்தில் நிலையாக நிற்காது, ஆகவே வரைபடத்தில் சேராது என்பது என் கந்தோர்ப் புத்தி. தெரிந்த வளைவுக்குப் பின்னால் என் மனம் வெறும் வீதியைத்தான் எதிர்பார்த்திருந்தது.

இடது கால் தன் கடமையைச் செய்தது. முதுகைக் கதிரையில் ஊன்றி, போட் எஞ்சின் றப்பரை நசுக்குகிற அதே பலத்தோடு உதைத்தேன்.

கார் நின்றது. கேக் நிற்கவில்லை. கீழ்த்தட்டு றெஜினா அன்ரியின் மடியிலேயே இருந்துவிட்டது, அவரும் குனிந்து அதில் முகத்தை வைத்துவிட்டார். மேல்தட்டு முன் கதிரைகளுக்கு நடுவால் பறந்து வந்து கியர்ப் பிடியில் இறங்கியது. மாப்பிள்ளைப் பொம்மை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கழுதைகளைப் பார்த்தான். என் சட்டை, என் காது, அத்தானின் மீசை எல்லாம் வெள்ளை. முதல் கழுதைக்கும் காருக்கும் இடையில் நல்ல இடைவெளி இருந்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை இன்றுவரை என்னாலேயே நம்ப முடியவில்லை. என் அறையில் இருக்கும் ஸ்டியறிங்கில் வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு பொத்தான் உண்டு. மோதினால் அதை அமுக்க வேண்டும், கார் புதிதாக மறுபடி பாதையில் வந்து நிற்கும். நான் அதை அமுக்கினேன். காரில் அந்த இடத்தில் இருந்தது வானொலிப் பொத்தான். ட்றைவர் அதை உச்சச் சத்தத்தில் விட்டிருந்தார்.

"மரண அறிவித்தல்" என்றது வானொலி, அந்தக் கனத்த குரலில். "மன்னாரைப் பிறப்பிடமாகவும், வசிப்பிடமாகவும் கொண்ட..."

பின்னாலிருந்து, ஐசிங்குக்குள்ளால், றெஜினா அன்ரியின் குரல் வந்தது. "என்ரை பேரோ எண்டு வடிவாக் கேளுங்கோ."

முதலில் சிரித்தது ஜெனிதான். கிரீடம் மூக்கில் கிடக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "மாமா, இறங்குங்கோ."

"ஜெனி, நான் இனி வலது காலாலை..."

"இறங்குங்கோ மாமா. பாதர் பூசையைத் தொடங்கிப்போடுவார்."

இறங்கினேன். மணப்பெண் உடுப்பின் வாலைச் சுருட்டி மடியில் போட்டாள், முக்காட்டைத் தோளுக்குப் பின்னால் எறிந்தாள், செருப்பைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். ஒரே தரம் ஹோர்ன் அடித்தாள். எனக்கு அசையாத கழுதைகள் அவளுக்கு ஒதுங்கின. நான் பின் கதிரையில், றெஜினா அன்ரிக்கும் தோழிக்கும் நடுவில், மேல்தட்டின் மிச்சத்தைக் கையில் ஏந்திக்கொண்டு போனேன். எந்த இடத்திலும் நாங்கள் குனியவில்லை. மதகில் மெதுவாக, திறந்த வீதியில் வேகமாக, காற்றுப் போல ஓடினாள். அவமானத்துக்கு நடுவிலும் எனக்குள் ஒரு குரல், இவள் பிறேக் போடும் அழகைப் பார் என்றது. எவ்வளவு மெல்லத் தொடங்கி, எவ்வளவு மெல்ல விடுகிறாள். என் அறையில் எந்தப் பந்தயத்திலும் நான் அப்படிப் போட்டதில்லை.

கோயில் மணி அடிக்கத் தொடங்கியபோது வாசலில் நின்றோம். பாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படியில் நின்றார். ட்றைவர் பக்கக் கதவு திறந்து வெறுங்காலோடு மணப்பெண் இறங்கினாள். மற்றப் பக்கத்தால் அவளுடைய செருப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, வெள்ளை மீசையோடு தகப்பன் இறங்கினார். பின்னால் நான்.

பாதர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "தகப்பன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாறதைக் கண்டிருக்கிறன்" என்றார். "பெண் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வாறதை இண்டைக்குத்தான் காணுறன். உள்ளுக்கு வாங்கோ, நேரம் சரி."

பூசை நேரத்துக்கு நடந்தது. வாசலில் ஒருவரும் நிற்க வேண்டி வரவில்லை. பின்னால் ஆட்டோவில் வந்த அக்கா, ஒரு குலுக்கலும் இல்லாமல் சொகுசாக வந்து சேர்ந்ததாகச் சொன்னார். விருந்தில் ஒற்றைத் தட்டுக் கேக்கை, றெஜினா அன்ரியின் முகம் பதிந்த பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து வெட்டினார்கள். என் மனைவி கைலேஞ்சியால் என் காதைத் துடைத்துவிட்டு, "இப்ப சனத்துக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள், அவ்வளவுதான்.

நான் சிம் றேசிங்கை விட்டுவிடவில்லை. முன்பை விட மோசமாகிவிட்டேன். முகத்தில் மாட்டுகிற திரை ஒன்றும் வாங்கிவிட்டேன், திரும்பிப் பார்த்தால் பின்னால் வருகிற காரே தெரிகிறது. இனிமேல் கதிரையே வளைவுக்குச் சரியும், பிறேக்குக்கு முன்னால் தள்ளும் என்கிறார்கள். கூட ஓடுகிற இயந்திரப் போட்டியாளர்கள் மனிதரைப் போலவே பிழை விடப் பழகுவார்கள் என்கிறார்கள். நினைத்தாலே இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் இதைச் செய்கிறவர்கள் யாராவது என்னைக் கேட்டால் ஒன்று சொல்வேன். பின் கதிரையில் மடியில் கேக்கோடு ஒரு அன்ரியை வையுங்கள். அதுவரை அது சிமுலேற்றர் ஆகாது.

என் பங்குக்குப் பேசாலைத் தடத்தில் கழுதைகளைச் சேர்த்தேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு இடத்தில் நிற்கும், ஹோர்ன் அடித்தால்தான் நகரும். இணையத்தில் விட்டேன். எங்கேயோ பனி கொட்டும் ஊர்களில் முகம் தெரியாதவர்கள் அதில் ஓடி, தாராபுரத்து வளைவுக்கு அப்பால் மோதி, எனக்குத் திட்டி எழுதுகிறார்கள். ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது ஆறுதலாக இருக்கிறது. ஜெனியும் வருகிற போதெல்லாம் அதில் ஓடிப் பார்ப்பாள். என் றப்பர்களில் பாதியைக் கழற்றிவிட்டுத்தான் ஓடுவாள். இதுவரை ஒரு கழுதையிலும் அவள் முட்டவில்லை.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் நடந்த எல்லாக் கலியாணங்களிலும் ஊர்வல ஒழுங்கு ஒன்றுதான். கேக் ஆட்டோவில் போகும். பெண் காரில் போவாள். இரண்டுக்கும் முன்னால் நான் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போய்க் கழுதைகளை விரட்ட வேண்டும். அது என் பொறுப்பு என்று எழுதாத சட்டம். புறப்படுவதற்கு முன் அத்தான் வந்து என் சைக்கிளின் பிறேக்கை ஒருதரம் அமுக்கிப் பார்ப்பார். அது நன்றாகப் பிடிக்கவில்லை என்று கண்ட பிறகுதான், "சரி, வெளிக்கிடுவம்" என்பார்.